கட்டாத அறையில் வெளிச்சம்

பகல் பன்னிரண்டு மணி. வெளியே வெயில் கண்ணைப் பறிக்கிறது. அவ்வேளையில் ஏதேனும் ஓர் அலுவலகத்திற்குள் நுழைந்து பாருங்கள். சாளரங்களிலெல்லாம் திரை தொங்கும். சில இடங்களில் கண்ணாடியின்மீது பழைய செய்தித்தாளை ஒட்டியிருப்பதும் உண்டு. கூரையிலோ அத்தனை மின்விளக்குகளும் எரிந்துகொண்டிருக்கும். ஊரே ஒளியில் மூழ்கியிருக்கும்போது அவ்வொளியைத் திரையிட்டுத் தடுத்துவிட்டு, காசு கொடுத்து வேறோர் ஒளியை வாங்குகிறோம். இஃது அங்கே பணிபுரிவோரின் அறியாமை என்று எண்ணிவிடலாகாது. திரையை விலக்கினால் சாளரத்தின் அருகில் இருப்பவருக்குக் கண் கூசும். உள்ளே தள்ளி இருப்பவருக்கு அப்போதும் எழுத்துத் தெரியாது. பிழை, அக்கட்டிடத்தின் படத்தை வரைந்த அன்றே நேர்ந்துவிட்டது.

சுவர் எழும்பிய பின்னர்ச் சாளரத்தை இடம் மாற்றுவது எளிதான செயல் அன்று. ஆகவே, கட்டிடம் தாளில் வெறும் கோடுகளாக இருக்கும்போதே, அதன் அறைகளுள் எந்த மூலையில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்று அறிய வழியுண்டா என்னும் வினா எழுகிறது. உண்டு. இன்று கணிப்பொறியும் அதற்கென ஆக்கப்பட்ட மென்பொருளும் அதனைச் செய்கின்றன. எவ்வாறு செய்கின்றன, அவற்றின் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பவற்றையே இப்பேச்சில் காண்போம்.

முதலில், வெளிச்சத்தை அளப்பதற்கு நம் கண்ணே போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. கண் மிக நல்ல கருவி. ஆனால் மிக மோசமான அளவுகோல். ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை ‘லக்ஸ்’ என்னும் அலகால் அளக்கிறோம். உச்சி வெயிலில் கிடக்கும் நிலத்தின்மேல் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் விழுகிறது. முழுநிலவின் ஒளியோ கால் லக்ஸ் அளவே. இவ்விரண்டிற்கும் இடையே நான்கு லட்சம் மடங்கு வேறுபாடு இருந்தும், நிலவொளியிலும் நாம் வழி கண்டு நடக்கிறோம், வெயிலிலும் நடக்கிறோம். இருக்கின்ற வெளிச்சத்திற்கு ஏற்பக் கண் தன்னை மாற்றிக்கொண்டே போவதால், 500 லக்ஸையும் 1,000 லக்ஸையும் அடுத்தடுத்துக் காட்டினாலன்றி வேறுபாடு தெரிவதில்லை. படிப்பதற்கு 300 முதல் 500 லக்ஸ் வரை வேண்டும் என்பது பொதுவான வழக்கு. உங்கள் மேசைமேல் இப்போது எத்தனை லக்ஸ் விழுகிறது என்று மனத்தால் மதித்துப் பார்த்து, பின்னர் ஓர் ஒளிமானியால் அளந்து பாருங்கள். பெரும்பாலும் மதிப்பு பொய்த்துவிடும்.

வெளிச்சத்தைக் கணக்கிடுவதற்கு அடிப்படையான விதிகள் மிகப் பழையவை. யோஹான் ஹைன்ரிஷ் லாம்பர்ட் என்பவர் ஒரு தையற்காரரின் மகன். பெரும்பாலும் தாமே கற்றுத் தேர்ந்தவர். அவர் 1760-இல் ஒளியளவியலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒளிமூலத்திலிருந்து தொலைவு இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஒளி சாய்ந்து விழுந்தால் சாய்வுக்கு ஏற்பக் குறையும் என்பன அந்நூலில் அவர் ஆராய்ந்த செய்திகள். 100 கேண்டெலா வலிமையுள்ள விளக்கு ஒரு மீட்டர் தொலைவில் 100 லக்ஸ் தரும். இரண்டு மீட்டர் தொலைவில் 25 லக்ஸ் தரும். அங்கேயே அது 60 பாகை சாய்ந்து விழுமாயின் பன்னிரண்டரை லக்ஸ் தரும். இன்றைய மென்பொருள்களின் அடியிலும் இவ்விதிகளே கிடக்கின்றன. புதிதாய் வந்தது விதி அன்று. கோடிக்கணக்கான முறை சலிப்பின்றி அதனைப் பயன்படுத்தும் ஆற்றலே புதிது.

அவ்வாற்றல் இல்லாத காலத்தில் மக்கள் என்ன செய்தார்கள்? இங்கே இங்கிலாந்து நாட்டின் வழக்கு ஒன்று சுவையானது. ஒருவர் வீட்டுச் சாளரம் 20 ஆண்டுகள் தடையின்றி வானொளியைப் பெற்றுவந்தால், அவ்வொளி அவருக்கு உரிமையாகிவிடும் என்று 1832-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று கூறுகிறது. பக்கத்து மனைக்காரர் உயரமாகக் கட்டி அதனை மறைத்தால் நீதிமன்றம் ஏறலாம். லண்டன் நகரத்தில் ‘பழமையான ஒளி’ என்னும் பொருள்பட எழுதிய பலகைகளைச் சாளரங்களின் கீழே மாட்டிவைத்தனர். ஆனால் நீதிபதி எதை வைத்துத் தீர்ப்பளிப்பார்? ‘வெளிச்சம் குறைந்துவிட்டது’ என்பார் ஒருவர். ‘இல்லை, போதுமான அளவு இருக்கிறது’ என்பார் மற்றவர். இச்சிக்கலை அவிழ்க்க வால்ட்ராம் என்னும் தந்தையும் மகனும் 1923-இல் ஒரு வரைபட முறையை வெளியிட்டனர். அறையின் ஓர் இடத்தில் நின்று சாளரத்தின் வழியே நோக்கினால் வானத்தின் எவ்வளவு பகுதி தெரிகிறதோ அதனைக் கட்டமிட்ட தாளில் வரைந்து, பரப்பை எண்ணிவிட்டால் அங்கே விழும் வானொளி தெரிந்துவிடும். மொத்த வானொளியில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்குக் கீழே குறையும்போதே மனிதர் முணுமுணுக்கத் தொடங்குவர் என்று முடிவு செய்து, அந்த எல்லைக்கு ‘முணுமுணுப்புப் புள்ளி’ என்றே அவர்கள் பெயரிட்டார்கள்! அஃது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 10 லக்ஸ்தான். இன்றைய மாணவர் எவரும் அதற்கு நெடுநேரம் முன்பே முணுமுணுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மற்றொரு வழி, கட்டிடத்தைப் போலச் சிறு உருவம் ஒன்றை அட்டையால் செய்து வானத்தின் கீழே வைத்து அளப்பது. இதில் ஓர் இயற்பியல் வியப்பு இருக்கிறது. வெப்பத்தையோ காற்றோட்டத்தையோ அறியச் சிறு உருவம் செய்தால், அளவு சுருங்குவதற்கு ஏற்ப முடிவும் திரிந்துபோகும்; பல திருத்தங்கள் செய்தாக வேண்டும். ஒளிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒளியின் அலைநீளம் மிகமிகச் சிறிது. ஆதலால் இருபதில் ஒரு பங்கு அளவில் செய்த அட்டை அறைக்குள்ளும் பெரிய அறைக்குள் நடப்பது போலவே அது நடந்துகொள்ளும். சுவரின் நிறத்தையும் சாளரத்தின் வடிவத்தையும் சரியாக அமைத்துவிட்டால் போதும். இன்றும் கட்டிடக்கலை மாணவர்கள் அட்டை உருவங்களைச் செய்து பார்ப்பதில் பயன் உண்டு.

இனி, ‘பகலொளி விகிதம்’ என்னும் ஓர் அளவை அறிந்துகொள்ள வேண்டும். வெளியே வெளிச்சம் மேகத்தோடு மேகமாக மாறிக்கொண்டே இருக்கும். அறைக்குள் 200 லக்ஸ் இருந்தது என்று சொன்னால், எப்போது என்னும் கேள்வி உடனே எழும். ஆகவே, அறையினுள் ஓரிடத்தில் உள்ள வெளிச்சம், அதே நேரத்தில் திறந்தவெளியில் உள்ள வெளிச்சத்தில் எத்தனை விழுக்காடு என்று கூறுவது வழக்கமாயிற்று. இதற்கு வானம் முழுவதும் மேகம் மூடியிருப்பதாகக் கொள்வர். அத்தகைய வானத்தில் உச்சி, அடிவானத்தைவிட மூன்று மடங்கு ஒளிரும் என்று மூன், ஸ்பென்சர் என்னும் இருவர் 1942-இல் ஒரு வாய்பாடு அமைத்தனர். ஒளியியலுக்கான பன்னாட்டு ஆணையம் 1955-இல் அதனை ஏற்றுக்கொண்டது.

மேகம் மூடிய வானம் இங்கிலாந்துக்குப் பொருந்தும். நம் நாட்டிற்கு எங்ஙனம் பொருந்தும்? ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையத்தார் இதனை எண்ணிப் பார்த்து, நம் நாட்டிற்கெனத் தெளிந்த வானம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டனர். கதிரவன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்தில் இருக்கும்போது, நேர்வெயிலை நீக்கி வானம் மட்டும் தரும் ஒளி 8,000 லக்ஸ் என்று வைத்துக்கொள்வது அம்முறை. பகலொளிக்கான இந்தியத் தரக் குறிப்பு இதனையே பின்பற்றுகிறது. அதன்படி ஒரு விழுக்காடு என்பது 80 லக்ஸ் ஆகும். மேசைமேல் 150 லக்ஸ் வேண்டுமானால் ஏறத்தாழ 1.9 விழுக்காடு வேண்டும். காலையும் மாலையும் கதிரவன் தாழ்ந்திருக்கும் வேளையையே அளவாகக் கொண்டதால், மற்ற வேளைகளில் வெளிச்சம் குறையாது என்பது இதன் உட்பொருள்.

சாளரத்தின் வழியே நேராக வரும் வானொளியை இவ்வாறு கையாலேயே கணக்கிட்டுவிடலாம். கடினமானது வேறொன்று. ஒளி சுவரில் பட்டுத் திரும்புகிறது, கூரையில் படுகிறது, தரையில் படுகிறது, மீண்டும் சுவருக்கு வருகிறது. சாளரத்திற்கு நெடுந்தொலைவில் உள்ள மூலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இவ்வாறு பலமுறை பட்டுத் திரும்பிய ஒளிதான். வெள்ளையடித்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். மூன்று முறை பட்டுத் திரும்பிய பின்னும் பாதிக்குமேல் ஒளி மிஞ்சியிருக்கும். 20 விழுக்காடே திருப்பும் கரும்பழுப்புச் சுவராயின், மூன்றாம் முறைக்குப் பின் மிஞ்சுவது ஆயிரத்தில் எட்டுப் பங்கு. நாற்புறமும் மேலும் கீழும் ஒரே நிறமுள்ள மூடிய அறை ஒன்றைக் கற்பனை செய்து இத்தொடரைக் கூட்டிப் பாருங்கள். வெள்ளை அறையின் பரப்புகளில், விளக்கு தந்த ஒளியைப்போல் மொத்தம் ஐந்து மடங்கு ஒளி வந்து விழும். பழுப்பு அறையில் ஒன்றேகால் மடங்குதான் விழும். பெருக்குத் தொடர் படித்த மாணவருக்கு இஃது எளிய கணக்கே. ஒரு வாளி வெள்ளைச் சுண்ணாம்பு எத்தனை விளக்குகளுக்கு ஈடாகும் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆனால் உண்மையான அறையில் எல்லாப் பரப்பும் ஒரே நிறமாக இராது. மேசை ஒரு நிறம், கரும்பலகை ஒரு நிறம், தரை ஒரு நிறம். இங்கேதான் கணிப்பொறி துணைக்கு வருகிறது. இதற்கு இரு வழிகள் உண்டு.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1984-இல் வெளியிட்ட வழி ஒன்று. அதற்கு ‘ரேடியாசிட்டி’ என்று பெயர். அறையின் பரப்புகளைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்துவிடுவர். ஒவ்வொரு துண்டும் மற்ற ஒவ்வொரு துண்டிற்கும் எவ்வளவு ஒளி அனுப்பும் என்று சமன்பாடு எழுதுவர். ஆயிரம் துண்டுகளானால் ஆயிரம் சமன்பாடுகள். அவற்றிற்கு இடையே பத்து லட்சம் தொடர்புகள். வெப்பக் கதிர்வீச்சைக் கணக்கிடப் பொறியியலார் முன்னமே கையாண்ட முறையைத்தான் ஒளிக்கு எடுத்துக்கொண்டனர். மங்கலான, சுண்ணாம்புச் சுவர் போன்ற பரப்புகளுக்கு இது நன்கு பொருந்தும். கண்ணாடியும் பளபளக்கும் உலோகமும் வந்துவிட்டால் தொடக்கத்தில் இருந்த இம்முறை தடுமாறியது.

மற்றொன்று கதிரைத் தொடர்ந்து செல்லும் வழி. டர்னர் விட்டெட் என்பார் 1980-இல் வெளியிட்ட கட்டுரை இதற்குப் பெருவழி வகுத்தது. இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. விளக்கிலிருந்து புறப்படும் கதிர்கள் எண்ணிலடங்கா. அவற்றுள் நம் கண்ணை வந்தடைவன மிகச் சிலவே. எல்லாவற்றையும் தொடர்ந்து ஓடினால் உழைப்பெல்லாம் வீண். ஆகவே கணக்கைத் தலைகீழாக நடத்துவர். கண்ணிலிருந்தே ஒரு கதிரைப் பின்னோக்கி அனுப்பி, அஃது எந்தச் சுவரில் படுகிறது, அச்சுவருக்கு ஒளி எங்கிருந்து வந்தது என்று வினவிக்கொண்டே விளக்கு வரையிலோ வானம் வரையிலோ சென்று சேர்வர். ஆற்றின் மூலத்தை அறிய விரும்புவோர் நீரோட்டத்தை எதிர்த்து நடப்பதைப் போன்றது இது.

இவ்வழியில் எழுந்தவற்றுள் தலைசிறந்தது ‘ரேடியன்ஸ்’ என்னும் மென்பொருள். கலிபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிரெக் வார்டு என்பவர் 1980-களில் இதனைத் தொடங்கினார். பலமுறை பட்டுத் திரும்பும் ஒளிக்கு ஒவ்வொரு புள்ளியிலும் நூற்றுக்கணக்கான கதிர்களை அனுப்பினால் கணிப்பொறி நாள்கணக்கில் ஓட வேண்டியிருக்கும். வார்டும் உடன் பணியாற்றியோரும் 1988-இல் இதற்கு ஓர் உபாயம் கண்டனர். சுவரில் விழும் நேரொளி திடீரென மாறும். நிழலின் ஓரம் கூர்மையாக இருப்பதை நாம் காண்கிறோம். ஆனால் பட்டுத் திரும்பிய ஒளி சுவரின்மேல் மெல்ல மெல்லத்தான் மாறும். ஆகவே அதனைச் சில புள்ளிகளில் மட்டும் முழுமையாகக் கணக்கிட்டு, இடைப்பட்ட இடங்களுக்கு அருகிலுள்ள விடைகளைக் கொண்டு நிரப்பிக்கொள்ளலாம் என்பதே அவ்வுபாயம். எங்கே உழைக்க வேண்டும், எங்கே உழைக்க வேண்டியதில்லை என்று அறிந்ததே அவர்களின் வெற்றி.

இம்மென்பொருள் கூறும் விடை மெய்யானதா? ஜான் மார்டல்ஜெவிக் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் 1990-களில் இதனைச் சோதித்தார். உண்மையான அறைக்குள் வெளிச்சத்தை அளந்த அதே நேரத்தில் வெளியே வானத்தின் ஒளிர்வையும் பகுதி பகுதியாக அளந்து வைத்திருந்தனர். அந்த வானத்தையே கணிப்பொறிக்கு ஊட்டிக் கணக்கிட்டபோது, விடைகளுள் பெரும்பான்மை அளந்த அளவிலிருந்து பத்து விழுக்காட்டிற்குள் அமைந்தன. நாள்தோறும் மாறும் வானத்தை எண்ணிப் பார்த்தால் இது பெரும் வெற்றியே ஆகும்.

இங்கே பகலொளி விகிதத்தின் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். மேகம் மூடிய வானம் எத்திசையிலும் ஒரே தன்மையது. எனவே அம்முறைப்படி மேற்கு நோக்கிய சாளரமும் வடக்கு நோக்கிய சாளரமும் ஒன்றுதான்! மாலை வெயில் முகத்தில் அறையும் மேற்கு அறையில் குடியிருந்த எவரும் இதனை ஏற்கமாட்டார். ஆகவே ஆண்டு முழுவதையும் கணக்கில் கொள்ளும் முறை பின்னர்த் தோன்றியது. ஆண்டிற்கு 8,760 மணி நேரம். ஒவ்வொரு மணிக்கும் வானிலை நிலையங்கள் தரும் கதிர்வீச்சு அளவுகள் உள்ளன. அவற்றிலிருந்து அந்நேரத்து வானம் எப்படி ஒளிர்ந்திருக்கும் என்று அறிய பெரெஸ் என்பாரும் அவர் குழுவினரும் 1993-இல் ஒரு வாய்பாடு தந்தனர். ஆனால் 8,760 வானங்களுக்கும் தனித்தனியே கதிர்களைத் தொடர்வது யாரால் ஆகும்? இதற்கு டிரெகென்சா என்னும் அறிஞரின் வழி கைகொடுத்தது. அவர் வான்கவிகையை 145 துண்டுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு துண்டும் ஓர் அலகு ஒளிர்ந்தால் மேசைமேல் எவ்வளவு வெளிச்சம் விழும் என்று ஒரே ஒரு முறை கணக்கிட்டு வைத்துக்கொள்வர். அதன்பின் எந்த மணிக்குரிய வானமாயினும், 145 பெருக்கல்களும் ஒரு கூட்டலும் செய்தால் விடை கிடைத்துவிடும். கடினமான வேலை ஒரு முறை. எளிய வேலை எட்டாயிரம் முறை.

இதனால் கேள்வியே மாறிவிட்டது. ‘வெளிச்சம் எவ்வளவு?’ என்று கேட்டது போய், ‘ஆண்டில் எத்தனை மணி நேரம் பயன்படும் அளவில் இருக்கும்?’ என்று கேட்கத் தொடங்கினர். மார்டல்ஜெவிக்கும் நபில் என்பவரும் 2005-இல், 100 லக்ஸுக்குக் கீழே இருந்தால் போதாது. 2,000 லக்ஸுக்கு மேலே சென்றால் கண்கூச்சமும் வெப்பமும் தொல்லை தரும். இடைப்பட்டதே பயனுள்ள பகலொளி என்று வகுத்தனர். மேலெல்லையைப் பின்னர் 3,000 ஆக உயர்த்தினர். மிகுதியும் ஒரு குறையே என்று கணக்கில் எழுதியதை நான் இதன் சிறப்பாகக் கருதுகிறேன். திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போடச் செய்வது அந்த மிகுதிதானே?

மின்விளக்கிற்கு வருவோம். இங்கே வானத்தின் தொல்லை இல்லை. ஆகவே கணக்கு எளிது. ஒவ்வொரு விளக்கும் எத்திசையில் எவ்வளவு ஒளி வீசுகிறது என்று ஆய்வகத்தில் சுற்றிச் சுற்றி அளந்து, அவ்வெண்களை ஒரு கோப்பாகத் தயாரிப்பாளர்கள் வெளியிடுகின்றனர். ஜெர்மனியின் ‘டயலக்ஸ்’ போன்ற மென்பொருள்கள் அக்கோப்பைப் படித்து, அறையில் விளக்குகளைப் பொருத்திப் பார்த்து, மேசைதோறும் லக்ஸ் அளவைக் காட்டுகின்றன. அவை தரும் விடையைச் சரிபார்க்க ஒரு கைக்கணக்கு தெரிந்திருத்தல் நலம். 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள வகுப்பறையைக் கொள்வோம். பரப்பு 48 சதுர மீட்டர். 300 லக்ஸ் வேண்டுமானால் மேசை மட்டத்திற்கு 14,400 லூமென் ஒளி வந்து சேர வேண்டும். விளக்கு வீசும் ஒளியில் 60 விழுக்காடே அங்கு வந்து சேரும்; தூசியாலும் மூப்பாலும் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு குறையும் எனக் கொண்டால், விளக்குகள் மொத்தம் 30,000 லூமென் தர வேண்டும். 2,000 லூமென் தரும் எல்.இ.டி. குழல்விளக்கு 15 தேவை. சுவர்கள் இருண்ட நிறமாயிருந்து 40 விழுக்காடே வந்து சேருமாயின் 23 விளக்குகள் தேவைப்படும். முன்னே சொன்ன சுண்ணாம்பு வாளியின் விலை இப்போது எட்டு விளக்குகளாக நம் கண்முன் நிற்கிறது.

பகலொளியையும் மின்னொளியையும் ஒருங்கே ஆராய்ந்த பெரும் முயற்சி ஒன்றைச் சொல்கிறேன். ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் 52 மாடிக் கட்டிடத்தை ரென்சோ பியானோ என்னும் இத்தாலியக் கட்டிடக் கலைஞர் வரைந்தார். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிச் சுவர். அதற்கு வெளியே வெயிலைத் தணிக்க வெண்மையான பீங்கான் குழாய்களின் திரை. அழகு சரி, செய்தி எழுதுவோர் கணிப்பொறித் திரையைக் காண முடியாமல் கண் கூசினால் என்ன செய்வது? இதழின் உரிமையாளர்கள் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தாரை நாடினர். நகரின் குவீன்ஸ் பகுதியில், கட்டிடத்தின் ஒரு தளத்தின் மூலையை, ஏறத்தாழ 400 சதுர மீட்டர் அளவில், மேசை நாற்காலியோடு மெய்யாகவே கட்டி 2003-இன் இறுதியிலிருந்து பல மாதங்கள் அளந்தனர். ஆனால் குவீன்ஸில் சுற்றிலும் திறந்தவெளி. உண்மைக் கட்டிடமோ மன்ஹாட்டனின் உயர்மாடங்களுக்கு நடுவே எழ வேண்டியது. அந்த அண்டைக் கட்டிடங்களின் நிழலை மாதிரி அறையில் அளக்க வழியில்லை. அதனை ரேடியன்ஸ் மென்பொருளே கணக்கிட்டுத் தந்தது. எந்தத் தளத்தில், எந்தத் திசையில், எவ்வேளையில் திரை இறங்க வேண்டும் என்பது அதனால் தெரிந்தது. 2007-இல் திறக்கப்பட்ட அக்கட்டிடத்தில் திரைகள் கதிரவனைப் பார்த்துத் தாமே ஏறி இறங்கின. பகலொளி மிகும்போது மின்விளக்குகள் தாமே மங்கின. அளவையும் கணக்கும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிய இந்நிகழ்ச்சியை, ஆராய்ச்சி செய்ய விரும்பும் மாணவர்கள் விரிவாகப் படிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக லண்டனில் நடந்ததும் ஒன்று உண்டு. ஃபென்சர்ச் தெருவில் எழுந்த 37 மாடிக் கட்டிடம் ஒன்றின் தெற்குமுகம் உட்குழிந்த வடிவில் அமைந்தது. உட்குழிந்த கண்ணாடி என்ன செய்யும் என்று பள்ளி மாணவரும் சொல்வர். 2013-ஆம் ஆண்டின் கோடையிறுதியில், கதிரவன் ஒரு குறித்த உயரத்தில் நின்ற சில நாள்களில், அம்முகம் வெயிலைக் குவித்து எதிர்த் தெருவில் வீசியது. அங்கே நிறுத்தியிருந்த கார் ஒன்றின் பாகங்கள் உருகி வளைந்தன. ஒரு செய்தியாளர் தெருவில் சட்டியை வைத்து முட்டை பொரித்துக் காட்டினார். பின்னர் அக்கண்ணாடி முகத்தின்மேல் கிடைத் தகடுகளைப் பொருத்தி மறைக்க வேண்டியதாயிற்று. கதிரவனின் பாதை புதிரன்று; எந்நாளில் எவ்வேளையில் எங்கே நிற்பான் என்று நூற்றாண்டுகளுக்கு முன்பே கணித்துச் சொல்லலாம். கேட்டிருந்தால் கணிப்பொறி கூறியிருக்கும். கேட்காத கேள்விக்கு எந்த மென்பொருளும் விடை சொல்வதில்லை.

கேட்ட கேள்விக்கும் நாம் ஊட்டியதைக் கொண்டே அது விடை சொல்லும். இதனை நான் கற்றது ஒரு கல்லூரியின் வரைகூடத்தில். சில ஆண்டுகளுக்கு முன்பு, மாணவர் நால்வர் அக்கூடத்தை மென்பொருளில் வரைந்து, ஓவியப் பலகைகளின்மேல் பகல் பத்து மணிக்கு 400 லக்ஸ் இருக்கும் என்று கணக்கிட்டுக்கொண்டு வந்தனர். வண்ணப்படமும் மிக அழகாக இருந்தது. ஒளிமானியை எடுத்துச் சென்று அளந்தோம். 170 காட்டியது. மென்பொருளில் பிழை என்றார் ஒருவர். கருவியில் பிழை என்றார் இன்னொருவர். ‘சுவருக்கு என்ன எண் கொடுத்தீர்கள்?’ என்று கேட்டேன். மென்பொருளில் முன்னமே இருந்த எண்ணை அப்படியே விட்டிருந்தனர். அது புது வெள்ளைச் சுவருக்கு உரியது. எங்கள் சுவரோ ஆண்டுக்கணக்கில் மாணவர்களின் தோளும் கையும் பட்டு மங்கிப்போனது. சாளரக் கண்ணாடியில் ஓரிடத்தைத் துடைத்துப் பார்த்தோம். துடைத்த இடம் தனியே ஒரு சாளரம்போல் விளங்கிற்று. சுவரையும் கண்ணாடியையும் அளந்து எண்களைத் திருத்தியபின் விடை 400-இலிருந்து 240 ஆயிற்று. எஞ்சியது எங்கே போயிற்று?

அதனைக் கண்டுபிடித்தவள், அதுவரை பேசாமல் சாளரத்தருகே நின்றிருந்த மாணவி. வெளியே ஒரு பெரிய வேப்பமரம். வரைபடத்தில் கட்டிடம் இருந்தது, மரம் இல்லை. மரத்தையும் வரைந்து சேர்த்தபோது கணக்கு 180-க்கு இறங்கி, அளவையோடு ஏறக்குறைய ஒத்துப்போயிற்று. ‘ஆனால் ஐயா, மாசியில் இலை உதிர்ந்துவிடுமே?’ என்றாள் அவள். ஆகவே இரண்டு வேப்பமரங்களை வரைந்து வைத்தனர். ஒன்று இலையுள்ள மாதங்களுக்கு, மற்றொன்று இலை உதிர்ந்து மீண்டும் துளிர்க்கும் வரை உள்ள சில வாரங்களுக்கு. பங்குனியில் திரும்பவும் ஒளிமானியோடு போய் அளந்து, அதையும் சரிபார்த்தோம்.